பூமியா கொன்றது? நிலநடுக்க எழுத்துகளை முன்வைத்துச் சில கேள்விகள்

எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் துறையில் ஒரு விவாதக் கூட்டம் நடந்தது. தலைப்பு 'நம்பிக்கையா, அறிவியலா?' 1934இல் காந்திக்கும் தாகூருக்கும் நிலநடுக்கத்தை வைத்து நடந்த வாதம்தான் பொருள். நான் தாகூர் கட்சி. பேசி முடித்து, கைதட்டு வாங்கிக்கொண்டு விடுதிக்கு வந்தேன். அறையில் கூட இருந்தவன் வேதியியல் படிக்கிறவன், எங்கள் பக்கத்து ஊர்ச் சேரிக்காரன். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான். "சரிடா, செத்தவங்க எந்தத் தெரு?"

என்னிடம் பதில் இல்லை. காந்தியின் வாதத்திலும் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை, தாகூரின் வாதத்திலும் இல்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, நிலநடுக்கம் பற்றி உலகம் எழுதிவைத்திருக்கிற சில பிரதிகளைத் திரும்ப வாசித்துப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

1

1934 ஜனவரி 15, மதியம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் மேல். பீகாரும் நேபாளமும் குலுங்கின. அளவு ஏறக்குறைய 8. முசாபர்பூர், முங்கேர் போன்ற ஊர்கள் தரைமட்டமாயின. வயல்களில் தரை பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டன. பீகாரில் 7,000 பேருக்கு மேல், நேபாளத்தில் 8,000 பேருக்கு மேல் செத்தார்கள்.

அப்போது காந்தி தென்னிந்தியாவில் இருந்தார். பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1933 நவம்பரில் தொடங்கிய 'ஹரிஜன' சுற்றுப்பயணம் அது. ஜனவரி 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போதுதான் பீகார் அழிவையும் தீண்டாமையையும் அவர் முடிச்சுப் போட்டார். ஹரிஜனங்கள் என்று நாம் அழைப்பவர்களுக்கு நாம் செய்த பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்பது அவர் பேச்சின் சாரம். தூத்துக்குடியிலும் அதையே சொன்னார். மூடநம்பிக்கை என்று சொன்னாலும் சொல்லிக்கொள்ளுங்கள் என்ற பாவனையோடுதான் சொன்னார்.

நம்மாளுங்களில் சிலருக்கு இந்தப் பேச்சு இன்றைக்கும் இனிக்கிறது. 'பாத்தியா, நம்மைத் தொடாம ஒதுக்கி வச்சதுக்குச் சாமியே தண்டிச்சிருக்கு' என்று. இனிப்பைத் துப்பிவிட்டு வாசிக்க வேண்டிய பிரதி இது. முதலில் அந்த 'நாம்' யார் என்று பாருங்கள். பாவம் செய்த நாம், தண்டனை வாங்கிய நாம், திருந்த வேண்டிய நாம் எல்லாமே சாதி இந்து நாம்தான். ஹரிஜனம் இந்த வாக்கியத்தில் எழுவாயாக வரவில்லை, பாவத்தின் செயப்படுபொருளாகத்தான் வருகிறது. இரண்டாவது, தண்டிக்கிற சாமிக்குக் குறி தெரிய வேண்டாமா? தீண்டாமை திருநெல்வேலியில் இல்லையா? பீகாரில் விழுந்த சுவர், ஆள் பார்த்தா விழுந்தது? அதன் அடியில் கிடந்தவர்களில் தீண்டப்படாதவரும் உண்டு, பச்சைக் குழந்தையும் உண்டு. தீண்டாமை என்ற குற்றத்துக்குத் தீண்டப்படாதவனே செத்து அபராதம் கட்டியிருக்கிறான் என்றால் இது என்ன தர்மம்?

தாகூர் எதிர்த்து எழுதினார். பிப்ரவரி 16 'ஹரிஜன்' இதழில் அதையும் போட்டு, கூடவே தன் பதிலையும் காந்தி வெளியிட்டார். மறுப்பைத் தன் பத்திரிகையிலேயே போட்ட அந்த நேர்மையை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. தாகூரின் வாதம் எளிமையானது: இயற்கையின் பேரழிவுக்கு இயற்கைக் காரணங்கள்தான் உண்டு, நீதிக் கணக்கை அதில் நுழைக்கக் கூடாது. அதோடு ஒரு கூர்மையான எச்சரிக்கையும் கொடுத்தார். இந்த மாதிரி வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். தீண்டாமை ஒழிப்புப் பிரச்சாரத்தால்தான் கடவுள் கோபித்துக்கொண்டார் என்று அவர்களும் சொல்லலாமே என்றார். சாமி வாயில் வார்த்தையைப் போடுகிற உரிமை யார் கையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாததா? அது ஒருநாளும் நம் கையில் இருந்ததில்லை.

தாகூர் சொன்னது சரி. அன்றைக்கு மேடையில் நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். இன்றைக்கு நிறுத்த முடியவில்லை. ஏனென்றால் இயற்கைக் காரணம் என்பது பூமி ஏன் அசைந்தது என்பதற்கான பதில். மனுசன் ஏன் செத்தான் என்பது வேறு கேள்வி. அந்த வாதத்தில் காந்தி, தாகூர் இரண்டு பேருமே நடுக்கத்தையும் சாவையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் இரண்டையும் கடவுள் கணக்கில் எழுதினார், மற்றவர் இரண்டையும் இயற்கைக் கணக்கில் எழுதினார். வீடு கட்டின கணக்கு, நிலக் கணக்கு, சாதிக் கணக்கு மூன்றும் புரட்டப்படாமலேயே கிடந்தன.

2

இந்தக் கணக்கைத் தொட்டவர் அதற்கு 178 வருசத்துக்கு முன்பே இருந்தார்.

1755 நவம்பர் 1, லிஸ்பன். கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர்கள் திருநாள். கோயில்கள் நிரம்பிக் கிடந்த காலை நேரத்தில் நிலம் ஆடியது, பின்னாலேயே கடல் ஏறியது, அதன்பின் நகரம் நாள்கணக்கில் எரிந்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். வால்தேர் இதை வைத்து ஒரு நீண்ட கவிதை எழுதினார். எல்லாம் நன்மைக்கே என்கிற தத்துவவாதிகளின் சட்டையைப் பிடித்து உலுக்கிய கவிதை. பிறகு 1759இல் வந்த 'கான்டீட்' நாவலில், நிலநடுக்கத்தைத் தடுக்க மனிதர்களைச் சடங்கோடு தீயிலிடலாம் என்று படித்தவர்கள் கூடி முடிவெடுப்பதைக் கிண்டல் செய்தார்.

கவிதையைப் படித்த ரூசோ, 1756 ஆகஸ்டில் வால்தேருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆறு மாடி, ஏழு மாடி வீடுகளை அங்கே நெருக்கி அடுக்கியது இயற்கை இல்லையே என்று கேட்டார். பரவலாக, சின்ன வீடுகளில் இருந்திருந்தால் சேதம் குறைந்திருக்கும். துணியையும் காகிதத்தையும் பணத்தையும் எடுக்கத் திரும்ப ஓடியவர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். ஆள் இல்லாத காட்டிலும் பூமி அதிரத்தான் செய்கிறது. நகரத்துக் கனவான்களுக்கு அதனால் கேடு இல்லை, நாம் கணக்கில் வைப்பது அவர்களை மட்டும்தான், அதனால் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்றார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு விடுதி நண்பன் ஞாபகம்தான் வந்தது.

ரூசோவைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். கடவுளின் கருணையைக் காப்பாற்றத்தான் அவர் இதை எழுதினார். நகரத்தையே குறை சொன்னாரே தவிர, ஏழாவது மாடியில் யார், மாளிகையில் யார் என்று பிரித்துக் கேட்கவில்லை. ஆனாலும் சாவை வானத்திலிருந்து இறக்கிச் சுவருக்குக் கொண்டுவந்தவர் அவர். லிஸ்பனைத் திரும்பக் கட்டியபோது அமைச்சர் பொம்பாலின் ஆட்கள் தெருக்களை அகலமாக்கி, சுவருக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டக் கூண்டு வைத்துக் கட்டினார்கள். ஆட்டத்தைத் தாங்குகிற வீட்டைக் கட்டும் அறிவு மனிதனுக்கு இல்லாமல் இல்லை. அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்பதுதான் அதற்குப் பிந்திய வரலாறு.

3

சுவர் எப்படிக் கொல்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். விமர்சனக் கட்டுரையில் கொத்தனார் வேலை எதற்கு என்று கேட்கிற இலக்கியவாதிகள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

வீடு என்பது மேலிருந்து கீழே இறங்குகிற பாரத்துக்குத்தான் கட்டப்படுகிறது. பூமியோ பக்கவாட்டில் இழுக்கிறது. கூரை எவ்வளவு கனமோ அவ்வளவு வேகமாக அது சுவரைப் பிடித்துத் தள்ளும். மூலையில் சுவரும் சுவரும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாவிட்டால் பெட்டி பிரிகிற மாதிரி நான்கு பக்கமும் பிரியும். கூரை நேராக உள்ளே இறங்கும். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை நான்கு மணி அளவில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் நடந்தது இதுதான். அளவு 6.2தான். ஜப்பானில் இந்த அளவுக்குப் பெரும்பாலும் சில்லறைச் சேதத்தோடு போய்விடும். இங்கே கிட்டத்தட்ட 10,000 பேர் செத்தார்கள். காரணம் தடியான கல் சுவர். வெளிமுகம் உள்முகம் என்று இரண்டு அடுக்கு, நடுவில் சில்லும் மண்ணும், இரண்டையும் குறுக்கே பிடிக்கிற கல் கிடையாது, பூச்சு வெறும் சேறு. மேலே மரம், மரத்துக்கு மேல் வெயிலுக்காகப் போட்ட கனத்த மண்கூரை. ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரம் வேறு.

இங்கே நாம் நேர்மையாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கில்லாரிப் பக்கம் கல் வீடு விழுந்த இடத்தில், கீற்று வேய்ந்த லேசான குடிசைகள் தாக்குப் பிடித்தன. எப்போதும் ஏழை மட்டுமே சாகிறான் என்று மந்திரம் ஓதிவிட முடியாது. சுவருக்குச் சாதி தெரியாது. ஆனால் எந்தச் சுவரை எங்கே, எதைக்கொண்டு கட்டுவது என்பதைப் பெரும்பாலான இடங்களில் சாதியோ, இனமோ, பணமோதான் தீர்மானிக்கிறது.

1976 பிப்ரவரி 4 குவாத்தமாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு 7.5, சுமார் 23,000 பேர் சாவு. செத்தவர்களில் பெரும்பகுதி மலைப்பகுதியில் பச்சைமண் செங்கல் வீடுகளில் இருந்த மாயா பழங்குடிகளும், தலைநகரின் பள்ளத்தாக்குச் சரிவுகளில் ஒண்டியிருந்த ஏழைகளும். பணக்காரர் குடியிருப்புகள் பெரிதாக அசையவில்லை. அதற்கு வர்க்க நடுக்கம் என்றே பேர் வைத்தார்கள்.

2010இல் ஏழு வாரத்துக்குள் இரண்டு நிலநடுக்கம். ஜனவரி 12 ஹெய்ட்டியில் 7.0. பிப்ரவரி 27 சிலியில் 8.8. வெளிப்பட்ட ஆற்றலைக் கணக்குப் போட்டால் சிலியில் ஏறக்குறைய 500 மடங்கு அதிகம். சாவு? சிலியில் சுமார் 525 பேர். ஹெய்ட்டியில் அரசு சொன்னது 2 லட்சத்துக்கும் மேல். அது மிகை என்பவர்கள்கூடப் பல்லாயிரம் என்கிறார்கள். ஹெய்ட்டியில் நடுக்கம் தலைநகருக்குப் பக்கத்திலேயே, ஆழம் குறைவாக வந்தது என்பது ஒரு காரணம்தான். ஆனால் சிலியில் 1928, 1939 அழிவுகளில் பாடம் கற்றுக் கட்டட விதி எழுதி, அதை நடைமுறைப்படுத்தவும் செய்தார்கள். ஹெய்ட்டியில் நடைமுறையில் அப்படி ஒரு விதியே இல்லை. ஏன் இல்லை? 1804இல் அடிமைகளே சங்கிலியை அறுத்து உண்டாக்கின நாடு அது. அடிமைகளை இழந்த பிரெஞ்சு எசமானர்களுக்கு நட்டஈடாக 15 கோடி பிராங்க் கட்டு என்று 1825இல் போர்க்கப்பலை நிறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள். பின்னால் அது 9 கோடியாகக் குறைந்தது. அதைக் கட்ட வாங்கிய கடனை அடைத்து முடிக்கவே இருபதாம் நூற்றாண்டு பாதி ஆகிவிட்டது. சிமெண்ட்டில் கலக்காத கம்பியும் ஜல்லியும் அந்தக் கடனில் போனவை என்று சொன்னால் அது மிகை இல்லை.

2023 பிப்ரவரி 6 துருக்கியில் 50,000 பேருக்கு மேல் செத்தார்கள். விதி மீறிக் கட்டிய கட்டடங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு மன்னிப்புச் சான்று கொடுக்கும் திட்டத்தை 2018இல் அங்கே கொண்டுவந்திருந்தார்கள். பாவமன்னிப்புச் சீட்டு விற்ற பழைய கதைதான். இந்த முறை விற்றது அரசாங்கம்.

4

சுவர் விழுந்து முடிந்த பிறகும் சாவு முடிவதில்லை. இதை எழுதிக் காட்டியவர் ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் ஃபான் கிளைஸ்ட். 1807இல் வெளிவந்த அவருடைய 'சிலியில் நிலநடுக்கம்' கதை, 1647இல் சந்தியாகோ நகரம் அழிந்ததைப் பின்னணியாகக் கொண்டது. காதலித்துப் பிள்ளை பெற்ற குற்றத்துக்காக ஹோசபேவுக்கு மரண தண்டனை. சிறையில் ஹெரோனிமோ தூக்கு மாட்டிக்கொள்ளப் போகிறான். அந்த நொடியில் பூமி அதிர்கிறது. சிறை உடைகிறது, இருவரும் பிழைக்கிறார்கள். ஊருக்கு வெளியே பள்ளத்தாக்கில் பிரபுவும் பிச்சைக்காரனும் ஒரே குடும்பம்போல் இருப்பதைத் தருகிறார்கள், வாங்குகிறார்கள். இந்த ஒரு நாளை நம்பி அவர்கள் தேவாலயத்துக்குப் போகிறார்கள். இடியாமல் நின்ற கோயில் அது. அங்கே பிரசங்கி, ஊர் செய்த பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று தொடங்கி, அவர்கள் இருவர் பேரையும் சொல்கிறார். கூட்டம் அவர்களை அடித்தே கொல்கிறது. ஆள் மாறி இன்னொருவர் குழந்தையையும் தூணில் அடித்துக் கொல்கிறது.

விழுந்த கட்டடம் அவர்களை விடுவித்தது, விழாத கட்டடம் கொன்றது. காந்தியின் திருநெல்வேலிப் பேச்சை நான் இந்தக் கதைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்கிறேன். காந்தி யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. அவர் நோக்கம் நேர் எதிரானது. ஆனால் பாவம் - தண்டனை என்கிற வாக்கிய அமைப்பு ஒன்றுதான். எழுவாயை மட்டும் மாற்றினால் போதும், அது யார் தலையிலும் விழும். தாகூர் பயந்ததும் இதற்குத்தான்.

கதைதானே என்பவர்களுக்கு 1923. செப்டம்பர் 1, முற்பகல் 11.58. தோக்கியோ, யோகோஹாமா. வீட்டுக்கு வீடு மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம், மரவீடுகள் பற்றிக்கொண்டன. சுமார் 1,05,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் நெருப்பில். அன்றே ஒரு வதந்தி: கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள். கிணறு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு உடம்பு சிலிர்க்கிறது, இல்லையா? ஊர்க்காவல் கும்பல்களும், படையினரும் போலீசாருமாக ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றார்கள். வழியில் போனவர்களை நிறுத்தி, 15 யென் 50 சென் என்று சொல்லச் சொன்னார்கள். உச்சரிப்புப் பிசகினால் சாவு. செப்டம்பர் 6ஆம் தேதி சீபா மாவட்டத்தின் ஃபுக்குடா கிராமத்தில், ககாவாவிலிருந்து மருந்து விற்க வந்த 15 பேர் கொண்ட கூட்டத்தை மறித்தார்கள். பேச்சு வேறுமாதிரி இருந்தது. ஒன்பது பேரைக் கொன்றார்கள், குழந்தைகளும் கர்ப்பிணியும் அதில் அடக்கம். அவர்கள் கொரியர்கள் இல்லை, புராக்கு மக்கள். ஜப்பானின் தீண்டப்படாதவர்கள். ஊரில் நிலம் இல்லாததால் ஊர் ஊராக விற்கப் போனவர்கள். இந்தக் கொலை வெகுகாலம் பேசப்படாமலே கிடந்தது. நூறாவது ஆண்டில், 2023இல்தான் மோரி தத்சுயா இதைக் கதைப்படமாக எடுத்தார்.

5

நம் பக்கம் வருவோம். 2001 ஜனவரி 26, குஜராத்தின் கட்ச். அரசுக் கணக்கில் 13,800 பேருக்கு மேல் சாவு. 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில்கூட, கீழே கார் நிறுத்த வெறும் தூண்களை மட்டும் விட்டு மேலே மாடி ஏற்றின கட்டடங்கள் மடங்கி விழுந்தன. மீட்பு நடந்த பிறகு வந்த செய்தி நமக்குப் பழையது: தலித்துகளும் முஸ்லிம்களும் நிவாரணத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள், முகாம்கூடச் சாதிவாரியாகப் பிரிந்தது. 2004 டிசம்பர் 26, சுமத்ரா கடலடியில் 9.1. அந்த அலை நாகப்பட்டினத்துக்கு வந்தபோது, பிணம் எடுக்க வெளியூர்களிலிருந்தெல்லாம் துப்புரவுத் தொழிலாளர்களைக் கூட்டிவந்தார்கள். தலித் குடும்பங்களைப் பல முகாம்களில் சேர்க்கவில்லை, தண்ணீர் பிடிக்க விடவில்லை. தொட்டால் தீட்டு என்றவர்களின் பிணத்தை நம் கைதான் தொட்டுத் தூக்கியது. 2015 ஏப்ரல் 25, நேபாளம். கிட்டத்தட்ட 9,000 பேர் சாவு. அங்கேயும் தலித்துகள் இதையே சொன்னார்கள்.

பெருந்துன்பம் மனிதர்களை ஒன்றாக்குகிறது என்பது நம் பத்திரிகைகளுக்குப் பிடித்த பெருங்கதையாடல். கிளைஸ்டின் பள்ளத்தாக்கு ஒருநாள் இருந்தது உண்மைதான். மறுநாள் வரிசை நிற்கும்போது ஊரும் சேரியும் திரும்ப வந்துவிடுகின்றன.

6

அப்படியானால் எப்படி எழுதுவது? மெக்சிகோ எழுத்தாளர் எலேனா போனியாதொவ்ஸ்கா ஒரு வழி காட்டியிருக்கிறார். 1985 செப்டம்பர் 19. மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால் பசிபிக் கரையில். ஆனால் மெக்சிகோ நகரம் பழைய ஏரிப் படுகையில் நிற்கிறது. அந்தச் சேறு அதிர்வைப் பெருக்கி, நடுத்தர உயரக் கட்டடங்களைக் குறிவைத்த மாதிரி ஆட்டியது. சான் அந்தோனியோ ஆபாத் பகுதியில் தையல் பட்டறைகள் மாடிமாடியாக நொறுங்கின. குறைந்த கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் உள்ளே சிக்கினார்கள். முதலாளிகள் எந்திரங்களையும் பணப்பெட்டியையும் வெளியே எடுப்பதில் குறியாக இருந்தார்கள். பிழைத்த பெண்கள் அங்கேயே கூடாரம் போட்டு உட்கார்ந்து, 'செப்டம்பர் 19' என்ற பேரிலேயே சங்கம் கட்டினார்கள். போனியாதொவ்ஸ்காவின் நூல் இவர்களைப் போன்ற பலரின் வாய்மொழிகளின் தொகுப்பு. அதில் பிரசங்கம் இல்லை, தத்துவ வாதம் இல்லை. யார் எந்த மாடியில் இருந்தார்கள், எந்தக் கதவு திறக்கவில்லை, யார் கையால் மண்ணைத் தோண்டினார்கள் என்பதுதான் இருக்கிறது. அதாவது என் நண்பன் கேட்ட கேள்விக்கான பதில்.

நாம் சாட்சியத்தை எழுதுகிறபோதெல்லாம், இதில் கலை எங்கே, அழகியல் எங்கே என்று கேட்கிறார்கள். 250 வருச நிலநடுக்க எழுத்தை வாசித்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெரியவர்கள் எழுதிய பிரதிகளில் பூமி பேசுகிறது, கடவுள் பேசுகிறார், இயற்கை பேசுகிறது. செத்தவன் மட்டும் பேசுவதில்லை. அவன் மற்றவர்களின் வாதத்துக்கு உதாரணம். காந்தியின் பேச்சில் நாம் காரணமாக இருந்தோம், கணக்கில் இல்லை. சாட்சியம் கணக்கைக் கேட்கிறது.

செங்கல் சூளையில் மண் மிதிப்பது நம் சனம். சித்தாளாகக் கலவை சுமப்பது நம் சனம். எந்தச் சுவரில் எவ்வளவு மணல், எவ்வளவு சிமெண்ட் என்பது முதலில் தெரிவதும் நமக்குத்தான். விழுந்தால் அள்ளக் கூப்பிடுவதும் நம்மைத்தான். அடுத்த முறை எங்காவது நிலம் நடுங்கி, அதற்கு யாராவது பாவக்கதை சொன்னாலோ, வெறும் பூகோளப் பாடம் நடத்தினாலோ, ரெண்டு பேரையும் நிறுத்தி வைத்துக் கேளுங்கள்: செத்தவங்க எந்தத் தெரு? அந்தச் சுவரைக் கட்டச் சொன்னவன் யார்?